இடியைத் தோலுக்குள்ள அடைச்ச கதை: பழங்கால சீனாவுல முரசு

பழைய சீனாவுல முரசுக்கு ஏன் அவ்ளோ மரியாதை, ஒத்தைக்கால் மாட்டுத் தோல்ல முரசு செஞ்சாங்கன்னு ஒரு கதை சொல்றாங்களே அதுக்கு ஏதாவது அடிப்படை இருக்கான்னு கேட்டிருக்கீங்க. உதாரணத்துக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவுல 2008 பேர் ஒண்ணா சேர்ந்து அடிச்சதையும் சொல்லியிருக்கீங்க. முதல்ல அதுல ஒரு சின்ன திருத்தம். அன்னைக்கு அவங்க அடிச்சது முரசு கிடையாது, ஃபோவ்னு சொல்ற பாத்திரம். அதோட வடிவத்தை ஒரு பழைய கல்லறையில கிடைச்ச, மதுவைக் குளிர வைக்கிற வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்து எடுத்தாங்க. பழைய சீனாவுல வாத்தியங்களை அது எந்தப் பொருள்ல செஞ்சதுன்னு பார்த்து எட்டு வகையா பிரிப்பாங்க, உலோகம், கல், பட்டு நரம்பு, மூங்கில், சுரைக்குடுக்கை, மண், தோல், மரம்னு. ஃபோவ் மண் வகை. முரசுதான் தோல் வகை. இந்தத் தோலை மறக்காம ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா மொத்தக் கதையும் அதை வச்சுத்தான் இருக்கு.

இப்ப ஒத்தைக்கால் மாடு. ஷான்ஹாய்ஜிங்னு ஒரு பழைய நூல், மலைகளையும் கடல்களையும் பத்தினது, கி.மு. நூற்றாண்டுகள்ல கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து வந்தது. கிழக்குக் கடலுக்குள்ள 7000 லி (லிங்கிறது பழைய சீன தூர அளவு) தூரம் போனா லியூபோன்னு ஒரு மலை இருக்கு, அங்க மாடு மாதிரி ஒரு மிருகம், கரும்பச்சை உடம்பு, கொம்பு கிடையாது, கால் ஒண்ணே ஒண்ணு, அது தண்ணிக்குள்ள இறங்கினாலும் சரி வெளிய வந்தாலும் சரி காத்தும் மழையும் கூடவே வரும், சூரியன் சந்திரன் மாதிரி வெளிச்சம் வீசும், கத்தினா இடி இடிச்ச மாதிரி இருக்கும்னு அதுல எழுதியிருக்கு. பேரு குய். மஞ்சள் பேரரசர்னு சொல்ற புராண அரசர் ஹுவாங்தி கையில அது சிக்கினப்போ தோலை உரிச்சு முரசு கட்டினார், இடி மிருகத்தோட எலும்பை எடுத்து அடிக்கோலா வச்சுக்கிட்டார், அடிச்ச சத்தம் 500 லி தூரம் கேட்டுச்சு, உலகமே நடுங்கிச்சு. 500 லின்னா ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

நிறைய பேர் இந்தக் கதையை ஹுவாங்தி தன் எதிரி சீயோவை எதிர்த்துப் போட்ட சண்டையோட சேர்த்தே சொல்வாங்க. ஆனா ஷான்ஹாய்ஜிங்ல அந்த இடத்துல சீயோ பேரே கிடையாது, "உலகத்தை நடுங்க வச்சார்"னு அதோட முடிஞ்சிரும். சண்டைக் கதை பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது, பிற்கால நூல்கள்ல ஒரு முரசு 80 முரசா ஆயிடுது. அதே ஷான்ஹாய்ஜிங்ல இன்னொரு இடத்துல இடிச் சதுப்பு நிலம்னு ஒண்ணு வருது, அங்க பாம்பு மாதிரி நெளியிற டிராகன் உடம்பும் மனுஷத் தலையுமா ஒரு இடி தெய்வம், தன் வயித்தைத் தானே முரசு மாதிரி தட்டிக்கும், அதுதான் இடி. ஆக அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வானத்துல கேக்குற சத்தமும் தோல்ல அடிக்கிற சத்தமும் ஒரே சத்தம். ஹுவாங்தி பிடிச்சது மாட்டை இல்லீங்க, இடியை. அதை ஒரு மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி, வேணும்னா அடிக்கலாம் வேணாம்னா நிறுத்தலாம்ங்கிற மாதிரி தன் கைக்குள்ள கொண்டு வந்துட்டார். அரசன்னா யாருன்னு அவங்க நினைச்சாங்கங்கிறது இந்த ஒரு கதையிலயே தெரிஞ்சிரும்.

இதை எல்லாரும் அப்படியே நம்பிட்டாங்கன்னு நினைக்க வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டுல வாங் சோங்னு ஒருத்தர் இருந்தார், எதையும் நோண்டிக் கேக்குற ஆளு. அவர் காலத்து ஓவியர்கள் இடியை வரையும்போது ஒரு பலசாலி இடது கையில வரிசையா கோத்த முரசுகளை இழுத்துக்கிட்டு வலது கையில சுத்தியலை ஓங்குற மாதிரி வரைவாங்க. வாங் சோங் கேட்டார், வானத்துல முரசைத் தொங்க விட எதுவும் இல்ல, அந்த ஆளு கால் ஊன இடமும் இல்ல, அப்புறம் எப்படி இடி வரும்னு. கேள்வி நியாயமானதுதான். ஆனா அந்தப் படம் இன்னைக்கு வரைக்கும் கோயில்கள்ல இருக்கு.

குய்ங்கிற பேர்ல இன்னொருத்தரும் உண்டு. ஷுன்ங்கிற புராண அரசரோட இசை அதிகாரி, அவர் கல் மணியைத் தட்டினா மிருகமெல்லாம் சேர்ந்து ஆடுமாம். லூ நாட்டு அரசர் கன்பூசியஸ்கிட்ட "குய்க்கு ஒரு கால்தான்னு சொல்றாங்களே நிஜமா"ன்னு கேட்டாராம். சீன மொழியில காலுக்கும் "போதும்"ங்கிற சொல்லுக்கும் ஒரே எழுத்து. அதை வச்சு கன்பூசியஸ், "குய் மாதிரி ஆளு ஒருத்தர் இருந்தா போதும்னு ஷுன் சொன்னார், அதைத்தான் ஒரு கால்னு படிச்சிட்டாங்க"ன்னு விளக்கம் குடுத்ததா பழைய நூல்கள் சொல்லுது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மிருகமும் இசை அதிகாரியும் ஒரே பேரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எதேச்சைன்னு என்னால நம்ப முடியல.

சரி, அடிப்படை இருக்கான்னு கேட்டீங்கல்ல. ஒத்தைக்கால் மாடு கிடைக்கல, ஆனா தண்ணியில வாழ்ற, இடி மாதிரி உறுமுற ஒரு மிருகத்தோட தோல்ல முரசு கட்டினதுக்குத் தடயம் கிடைச்சிருக்கு. ஷான்ஷி மாகாணத்துல லின்ஃபென் பக்கத்துல தாவோசின்னு ஒரு இடம், 1978ல இருந்து அங்க தோண்டிக்கிட்டு இருக்காங்க, 4000 வருஷத்துக்கும் மேல பழைய ஊர். அங்க இருக்கிற பெரிய மனுஷங்க கல்லறைகள்ல ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு மர முரசு வச்சிருக்காங்க, ஒரே மரத்தண்டைக் குடைஞ்சு வெளிப்பக்கம் வர்ணம் பூசினது. தோல் மக்கிப் போச்சு. ஆனா முரசுக்குள்ள முதலையோட எலும்புத் தகடுகள் உதிர்ந்து கிடந்துச்சு, முதுகுத் தோல்ல வரிசையா கட்டி கட்டியா இருக்குமே அது. யாங்சி முதலை. தோல் மக்க மக்க தகடு ஒவ்வொண்ணா உள்ள விழுந்திருக்கு, 4000 வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் மண்ணைச் சலிக்கும்போது கையில தட்டுப்பட்டிருக்கு. கூடவே தொங்கவிட்டு அடிக்கிற கல் மணியும் இருந்துச்சு. சின்னக் கல்லறைகள்ல இதெல்லாம் கிடையாது, அதாவது முரசு வச்சுக்கிற உரிமை எல்லாருக்கும் இல்ல.

முதலைத் தோல் முரசு இலக்கியத்துலயும் இருக்கு. சீனாவோட மிகப் பழைய பாடல் தொகுப்பு ஷீஜிங்ல, ஸோவ் வம்சத்து வென் அரசர் கட்டின மேடையைப் பத்தின பாட்டு ஒண்ணு, முதலை முரசு பொங் பொங்னு முழங்குது, பார்வை இல்லாத இசைக்கலைஞர்கள் வாசிக்கிறாங்கன்னு முடியும். அதுக்கும் முன்னாடி ஷாங் காலத்துல தோல் முரசை அப்படியே வெண்கலத்துல வார்த்திருக்காங்க, தோலை இழுத்து அடிச்ச ஆணிக் குமிழ் வரைக்கும் வெண்கலத்துலயே இருக்கும். ஒண்ணு 1977ல ஹூபெய் மாகாணம் சோங்யாங்ல கிடைச்சுது, 42.5 கிலோ. இன்னொண்ணு ஜப்பான்ல கியோட்டோவுல ஒரு மியூசியத்துல இருக்கு, அதோட முகத்துல முதலைத் தோலோட செதில் கோலத்தையே வார்த்திருப்பாங்க. மக்கிப் போற தோலை மக்காம வைக்கணும்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு பாருங்க.

முரசு கட்டுறதுக்கு நாள் பார்ப்பாங்க. பழைய கைத்தொழில் கையேடு ஒண்ணு இருக்கு, காவ்கோங்ஜி, தேர் செய்றதுல இருந்து வில் செய்றது வரைக்கும் எல்லாத்துக்கும் அளவோட எழுதியிருக்கும். முரசுக்குத் தோல் போர்த்துறதுன்னா பூச்சிகள் கண் முழிக்கிற நாள்லதான் போர்த்தணும்னு அதுல விதி. குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ள தூங்கின பூச்சிகள் வருஷத்தோட முதல் இடி சத்தம் கேட்டு எழுந்திரிக்கிற நாள், இன்னைக்கு காலண்டர்ல மார்ச் 5, 6 வாக்குல வரும். முதல் இடி கேக்குற நாள்ல போர்த்தின தோல் இடியோட குணத்தைப் பிடிச்சுக்கும்னு நம்பிக்கை. கி.பி. 100 வாக்குல ஷூ ஷென் எழுதின அகராதியில முரசுங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் போட்டிருக்கார்னா, வசந்தத்துல பகலும் இரவும் சமமா வர்ற நாளோட ஓசை, எல்லா உயிரும் தன் தோலையும் ஓட்டையும் கிழிச்சுக்கிட்டு வெளிய வர்ற ஓசைன்னு. ஒரு அகராதியில இப்படி ஒரு வரி. நான் முதல் தடவை படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அதே காவ்கோங்ஜியில நம்பிக்கை மட்டும் இல்லாம நல்ல கைப்பக்குவமும் இருக்கு. முரசு அகலமா கட்டையா இருந்தா சத்தம் வேகமா வரும் ஆனா தூரத்துக்குக் கேக்காது, ஒடுக்கமா நீளமா இருந்தா சத்தம் நிதானமா வரும் ரொம்ப தூரம் கேக்கும்னு எழுதி வச்சிருக்காங்க.

இசையில முரசோட இடம் என்னன்னு கேட்டா, சீன இசையில அஞ்சு சுரம், முரசு அந்த அஞ்சுல எதுலயும் சேராது. சடங்கு நூல் ஒண்ணுல அழகா சொல்லியிருப்பாங்க, முரசு அஞ்சு சுரத்துல எதுவும் இல்ல, ஆனா அது இல்லாம அஞ்சு சுரமும் ஒத்து வராதுன்னு. கி.மு. 3ஆம் நூற்றாண்டுல ஷூன்ஸிங்கிற தத்துவவாதி இன்னும் ஒரு படி மேல போய், முரசுதான் இசைக்கே அரசன், முரசு வானம் மாதிரி, மணி பூமி மாதிரின்னு எழுதினார். தனக்குன்னு சுரம் இல்லாத ஒண்ணு மத்த எல்லாத்தையும் நடத்துது. ஸோவ் கால சடங்கு அமைப்பைப் பத்தின நூல்ல முரசுக்குன்னே தனி அதிகாரி உண்டு, ஆறு வகை முரசு அவர் பொறுப்பு. வான தெய்வங்களுக்கு ஒண்ணு, நிலத்துக்கு ஒண்ணு, முன்னோர்களுக்கு ஒண்ணு, போருக்கு, கட்டட வேலைக்கு, மணிகளோட சேர்ந்து வாசிக்க ஒண்ணுன்னு. வேலை முரசு பத்தி ஷீஜிங்ல ஒரு வரி வரும், ஸோவ் மக்கள் புது ஊர்ல மண்ணைக் கொட்டி இடிச்சு நூறு சுவரு ஒரே நேரத்துல எழுப்புறாங்க, அந்த இடிக்கிற சத்தத்துக்கு முரசாலயே ஈடு குடுக்க முடியலன்னு.

ஆனா முரசோட நிஜமான பலத்தைப் பார்க்கணும்னா போர்க்களத்துக்குத்தான் வரணும். முரசு அடிச்சா முன்னேறணும், மணி அடிச்சா பின்வாங்கணும், இதுதான் சட்டம், ஏன்னா பத்தாயிரம் பேர் கத்துற இடத்துல தளபதி வாயால சொல்றது யாருக்கும் கேக்காது. கி.மு. 684ல சின்ன லூ நாட்டு மேல பெரிய ச்சி நாடு படையெடுத்து வருது, சாங்ஷாவ்ங்கிற இடம். லூ அரசர் முரசு அடிக்கக் கையை ஓங்குறார், கூட தேர்ல நின்ன சாவ் குய்ங்கிறவர் (இவர் வேற குய்) "இருங்க"ன்னு தடுத்துட்டார். ச்சி பக்கம் ஒரு தடவை முரசு அடிச்சாங்க, ரெண்டாவது தடவை அடிச்சாங்க, லூ படை அசையல. மூணாவது தடவையும் அடிச்சாங்க. அப்பதான் சாவ் குய் "இப்ப அடிங்க"ன்னார், ச்சி படை சிதறி ஓடுச்சு. அப்புறம் அரசர் காரணம் கேட்டதுக்கு அவர் சொன்னது, முதல் முரசுல மூச்சு பொங்கும், ரெண்டாவதுல தளரும், மூணாவதுல வத்திப் போகும், அவங்களுக்கு வத்தின நேரத்துல நமக்குப் பொங்குச்சு, அதான் ஜெயிச்சோம்னு. அதுல "முதல் முரசுல மூச்சு பொங்கும்"ங்கிறது சீனத்துல நாலே எழுத்து, அதை சீனாவுல இன்னைக்கும் தினசரி பேச்சுல சொல்றாங்க, ஒரு வேலையை ஒரே மூச்சுல முடிக்கிறதுக்கு.

எனக்கு அதை விட மனசுல நிக்கிறது கி.மு. 589ல ஆன்ங்கிற இடத்துல நடந்த சண்டை. ஜின் நாட்டுத் தளபதி ஷி கெ, தேர்ல நின்னு முரசு அடிச்சுக்கிட்டு இருக்கார், உடம்புல அம்பு பாஞ்சு ரத்தம் வழிஞ்சு செருப்பு வரைக்கும் நனைஞ்சிருச்சு, முரசு மட்டும் நிக்கல. கடைசியில "என்னால முடியல"ன்னார். தேரோட்டி ஜாங் ஹோவ் அப்பதான் வாயைத் திறக்கிறான், "சண்டை ஆரம்பிச்சப்பவே என் கையிலயும் முழங்கையிலயும் அம்பு பாஞ்சிருச்சு, உடைச்சுப் போட்டுட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன், இடது சக்கரம் பூரா ரத்தம் கறுத்துப் போச்சு, நான் வலிக்குதுன்னு சொன்னேனா, பொறுத்துக்கோங்க. படையோட கண்ணும் காதும் நம்ம கொடி மேலயும் முரசு மேலயும்தான் இருக்கு." சொல்லிட்டு ரெண்டு கையால பிடிச்சிருந்த கடிவாளம் எல்லாத்தையும் இடது கைக்கு மாத்திட்டு, வலது கையால அடிக்கோலை வாங்கி அவனே அடிக்க ஆரம்பிச்சான். ஒத்தைக் கையில குதிரையை அடக்க முடியுமா, தேர் பாய்ஞ்சுச்சு, படை அது பின்னாடியே பாய்ஞ்சுச்சு, ச்சி படை தோத்து ஓட, ஹுவாபுசூ மலையை மூணு சுத்து சுத்தி விரட்டினாங்க. முரசு சத்தம் நின்னிருந்தா தளபதி செத்துட்டார்னு மொத்தப் படையும் நினைச்சிருக்கும். அந்த ஒரு சத்தத்துக்காக அம்பு பாஞ்ச ரெண்டு பேர் ஒரே தேர்ல நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க.

இவ்ளோ பலம் இருக்கிற பொருளை சும்மா செஞ்சு வச்சிர முடியாது, ரத்தம் பூசணும். வழக்கமா மிருக ரத்தம், போர்னு வந்தா சில சமயம் கைதியோட ரத்தம். கி.மு. 537ல சூ நாட்டு அரசர் வூ நாட்டுத் தூதர் ஜுவே யோவைப் பிடிச்சு, உன் ரத்தத்தை முரசுக்குப் பூசப் போறேன், வர்றதுக்கு முன்னாடி குறி பார்த்தியே நல்லதுன்னு வந்துச்சான்னு கேட்டார். ஜுவே யோ அசராம "நல்லதுன்னுதான் வந்துச்சு. நீங்க என்னை நல்லா வச்சுக்கிட்டா எங்க நாடு அசந்து போகும், என்னைக் கொன்னு முரசுக்குப் பூசினா எங்க நாடு உஷார் ஆயிடும், குறி நாட்டுக்காகப் பார்த்தது, எனக்காக இல்ல"ன்னார். கொல்லாம விட்டுட்டாங்க.

முரசை விளையாட்டா அடிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கும் கதை உண்டு. ஸோவ் அரசர் யோ, தன் காதலி பாவ் ஸியைச் சிரிக்க வைக்க எல்லையில எச்சரிக்கைத் தீயை மூட்டி விளையாடினார், நிஜமா எதிரி வந்தப்போ யாரும் வரலன்னு ஒரு பிரபலமான கதை கேட்டிருப்பீங்க. கி.மு. 239 வாக்குல தொகுத்த லூஷி சுன்சியூங்கிற நூல்ல தீயே கிடையாது, முரசுதான். பாதை ஓரமா மேடை கட்டி முரசு வச்சு, எதிரி வந்தா ஒரு முரசு அடுத்த முரசுக்குச் சேதி சொல்லணும். பிரபுக்கள் படையோட ஓடி வந்ததைப் பார்த்து பாவ் ஸி சிரிச்சா, அவ சிரிப்புக்காக மறுபடி மறுபடி அடிச்சார், கி.மு. 771ல எதிரி நிஜமா வந்தப்போ முரசு சத்தம் கேட்டும் யாரும் வரல. சூ நாட்டு லி அரசரும் குடிச்சிட்டு எச்சரிக்கை முரசை அடிச்சிட்டார், ஜனங்க அலறி அடிச்சு வந்தாங்க, சும்மா விளையாட்டுக்குன்னு அனுப்பிட்டார், சில மாசம் கழிச்சு நிஜமா அடிச்சப்போ ஒருத்தரும் வரல. முரசுல தோலுக்கும் மரத்துக்கும் மேல ஒரு பொருள் இருக்குன்னா அது கேக்குறவங்களோட நம்பிக்கை, அது ஒரு தடவை கிழிஞ்சா வேற தோல் போர்த்த முடியாது.

மத்ததெல்லாம் சுருக்கமா. கிரகணம் பிடிச்சா நிலதெய்வத்தோட மேடையில முரசு அடிப்பாங்க, கி.மு. 669ல அப்படி அடிச்சதா லூ நாட்டுப் பதிவுல இருக்கு. குறை சொல்ல வர்றவங்க அடிக்கிறதுக்கு யாவ் அரசர் முரசு வச்சிருந்தார்னு புராணம், பிற்கால வம்சங்கள்ல அரண்மனை வாசல்ல நிஜமாவே மனு முரசு வச்சாங்க. தாங் வம்சத்துக் காலத்துத் தலைநகர் சாங்ஆன்ல சாயங்காலம் 800 அடி அடிச்சா பேட்டை கதவெல்லாம் சாத்திரும், விடியக்காலை 3000 அடி, அப்பதான் திறக்கும், இடையில ரோட்டுல திரிஞ்சா 20 பிரம்படி.

அதே தாங் காலத்து அரசர் ஷுவான்ஸோங், கி.பி. 712ல இருந்து 756 வரை ஆண்டவர், ஜியெகுங்கிற முரசு மேல உயிரையே வச்சிருந்தார். அது மத்திய ஆசியா பக்கம் இருந்து வந்தது, ரெண்டு குச்சியால ரெண்டு பக்கமும் அடிக்கிறது, குச்சா, இந்தியான்னு வெளிநாட்டு இசைக்குழுக்கள் பலதுலயும் இருந்துச்சு. எட்டு வகை வாத்தியத்துக்கும் இதுதான் தலைவன்னு அவர் சொல்வாராம். வாசிக்கும்போது தலை மலை உச்சி மாதிரி அசையக் கூடாது, கை மழைத்துளி மாதிரி விழணும்னு அவரோட அமைச்சர் சோங் ஜிங் சொன்னது அந்த முரசைப் பத்தி 9ஆம் நூற்றாண்டுல எழுதின நூல்ல இருக்கு. அதுலயே இன்னொரு கதை. ரெண்டாம் மாசத் தொடக்கம், ராத்திரி மழை பெஞ்சு விட்டிருக்கு, முற்றத்துல வில்லோ மரமும் ஆப்ரிகாட் மரமும் மொட்டு விட்டு விரியலாமா வேண்டாமான்னு நிக்குது. அரசர் ஜியெகுவைக் கொண்டு வரச் சொல்லி தான் அமைச்ச ஒரு வசந்த ராகத்தை வாசிச்சார், திரும்பிப் பார்த்தா மொட்டெல்லாம் விரிஞ்சிருச்சு. "என்னை படைப்புக் கடவுள்னு சொல்லக் கூடாதா"ன்னு சிரிச்சாராம். கவனிச்சீங்களா, அந்தப் பூச்சி முழிக்கிற நாளும், அகராதியில இருந்த வசந்த ஓசையும் இங்க அரண்மனை முற்றத்துல திரும்ப வந்திருச்சு. ஹுவாங்தி இடியை வச்சு உலகத்தை மிரட்டினார், இவர் அதே இடியால ஒரு மொட்டை எழுப்பினார்.

நீங்க சீன எழுத்து ஏதாவது பார்த்திருந்தா கல்யாண வீட்டு வாசல்ல சிவப்புத் தாள்ல ஒட்டுற இரட்டை மகிழ்ச்சி எழுத்தைப் பார்த்திருப்பீங்க. அதுல ஒரு மகிழ்ச்சியை எடுத்துப் பாருங்க, மேல இருக்கிறது மேல அலங்காரம் வச்சு கீழ கால் வச்ச ஒரு முரசோட படம், கீழ ஒரு வாய். அதே முரசுப் படத்துக்குப் பக்கத்துல மூணு கோடு போட்டா பெங், சத்தம் பறக்கிறது, அது நிறைய பேருக்கு குடும்பப் பேரு. பக்கத்துல குச்சி பிடிச்ச கையைப் போட்டா முரசு.

கடைசியா, நேர்ல பார்க்க வாய்ப்பு கிடைச்சா ஊகான்ல இருக்கிற ஹூபெய் மாகாண மியூசியத்துக்குப் போங்க. கி.மு. 433 வாக்குல புதைச்ச ஸெங் நாட்டு யி பிரபுவோட கல்லறை, 1978ல தோண்டினது, அங்க கிடைச்ச 65 வெண்கல மணி மொத்தமும் அங்க இருக்கு, எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க, 2400 வருஷம் கழிச்சும் மணி சுரம் தப்பாம ஒலிக்குது. நீங்க முரசுத் தாங்கியைத் தேடிப் பாருங்க. நட்டு வைக்கிற முரசோட வெண்கல அடிப்பாகம், எத்தனை டிராகன்னு எண்ணவே முடியாத மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கிட்டு தலையைத் தூக்கிட்டு இருக்கும், நடுவுல கம்பம் செருகுற குழி. மேல இருந்த தோல் என்னைக்கோ போயிடுச்சு. அதே கல்லறையில பறவை வடிவத்துல உள்ளங்கை அளவுக்குக் கொஞ்சம் பெருசா ஒரு அரக்குப் பெட்டி கிடைச்சிருக்கு, அதோட ஒரு பக்கத்துல சின்னதா ஒரு ஓவியம், கம்பத்துல நட்ட இதே மாதிரி முரசு, ஒரு பக்கம் ஒருத்தன் அதை அடிச்சுக்கிட்டு இருக்கான், இன்னொரு பக்கம் ஒருத்தன் ஆடுறான்.